எட்டாம் நம்பர் சட்டையைக் கொடுத்தது நான்

அண்ணே,

எப்போது வந்தாலும் முதலில் பிள்ளைகளைத்தான் விசாரிப்பீர்கள். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவன் மகன் அருண் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியராகி ஒரு வருஷம் ஆகிறது. அவன் தங்கை திவ்யா நர்சிங்கில் காலேஜிலேயே இரண்டாவதாக வந்தாள். மகள் வீட்டுப் பேரன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. தெருவில் யாரும் அதை மறந்துவிடாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். சின்னவன் மகள், என்னோடு இருக்கிற நிவேதா, ஏழாம் வகுப்பிலேயே உங்களிடம் வாயாடிக்கொண்டு நிற்பாளே, அவளை நம் பெண்கள் கால்பந்து அணியில் எடுத்துவிட்டார்கள். அகில இந்திய லீக், மூன்றாவது டிவிஷன். பதினேழாம் நம்பர்.

நம் அணி என்று எழுதிவிட்டேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

போன வாரம் திங்கட்கிழமை அவளுடைய சட்டையைத் துவைக்க எடுத்தேன். வாளியில் போடுவதற்கு முன்பே அந்த வாசனை வந்துவிட்டது. கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய். முழங்காலுக்குத் தேய்த்திருக்கிறாள், அது சட்டையின் ஓரத்தில் பட்டிருக்கிறது. நீங்கள் காய்ச்சி, இருமல் மருந்துப் பாட்டில்களில் ஊற்றிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்த அதே எண்ணெய். இன்னும் அதைத்தான் காய்ச்சுகிறார்களாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று நிவேதாவைக் கேட்டேன். "யாரோ பழைய மேனேஜராம் அப்பத்தா, மருந்துப் பொட்டிக்குள்ள செய்முறை எழுதி ஒட்டிருக்கு" என்றாள். அந்தப் பழைய மேனேஜர் யார் என்று அவளுக்குத் தெரியும். அப்படிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள்.

கோபத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு மூட மறந்துபோனேன். வாளி நிரம்பி முற்றமெல்லாம் ஓடியது.

நீங்கள் முதல் தடவை வந்தது ஒரு புரட்டாசி மாதம். ஒத்தக்கடையில் என் வீட்டுக்குப் பின்னால், யானைமலை பார்த்தாற்போல இருக்கிற மைதானத்தை அணிக்கு எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் தங்க அடுத்த தெருவில் ஒரு வீடு. மில்லில் வேலை பார்த்து, மில் டீமில் ஆடி, ஓய்வு பெற்ற ஆள் மேனேஜராக வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். வாசலில் நின்று, "தாயி, பதினெட்டு சட்டை, பதினெட்டு டவுசர், பதினெட்டு சோடி சாக்ஸ். வாரத்துக்கு மூணு தடவ. முடியுமா ஒன்னால?" என்று கேட்டீர்கள். "சோறும் பொங்கணுமாண்ணே?" என்றேன். "அதுக்கு வேற ஆளு இருக்கு. ஒன் சாம்பாரப் பத்தித் தெருவுல விசாரிச்சிட்டுத்தான் வாரேன்" என்றீர்கள். அன்றைக்கும் எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

அந்த மாதிரி ஒரு சீசனை இனி யார் பார்க்கப் போகிறார்கள். எழுமலையிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்த பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் கபடி கேம்ப் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். முதல் ஆட்டத்துக்கு மொத்தமே முப்பது பேர்தான் கூட்டம். அதில் பத்துப் பேர் கேலி பண்ண வந்தவர்கள். டீக்கடைக்காரர் வேலிக்கு வெளியே நின்று, "என்னண்ணே, பொம்பளப் புள்ளைக பந்து ஆடி ஆகப் போறது என்ன?" என்று கேட்டார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒன் கடையில நிக்கிற பயலுகள்ல ஒருத்தன் இந்தக் கோட்டுலருந்து அந்தக் கோடு வரைக்கும் ஓடட்டும் மாப்ள, அவனையும் டீம்ல சேத்துக்குறேன்" என்றீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவரே கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது ஆட்டத்துக்கு மேலூர் பஸ்ஸை நிறுத்தி டிரைவர் எட்டிப் பார்த்து, "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

துவைத்த சட்டைகளை நம்பர் வரிசையில் மடித்து வைப்பேன். ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து நீங்களே பைக்குள் அடுக்குவீர்கள். அதில் ஒரு பழக்கம் உங்களுக்கு. மஞ்சள் அட்டை நாலு சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த ஆட்டம் ஆடக் கூடாது. ஆடினால், ஜெயித்த ஆட்டமும் தோற்ற ஆட்டமாகிவிடும். அப்படி உட்கார வேண்டிய பிள்ளையின் சட்டையை மட்டும் தனியாக எடுத்து, இரண்டு கையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு என் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவீர்கள். அது பைக்குள் போகக் கூடாது. ஏன் இந்த வேலை, ஒரு தாளில் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்டேன். "தாள எவனும் படிக்க மாட்டான் தாயி. சட்டை இல்லன்னா ஆட முடியாதுல்ல" என்றீர்கள். மில் டீமில் நீங்கள் ஆடிய காலத்திலிருந்தே இந்த முடிச்சு உண்டாம். "நான் அவுக்குற வரைக்கும் அது சட்டை இல்ல, துணி" என்பீர்கள்.

கடைசி ஆட்டம் இங்கே. டிரா பண்ணினாலே போதும், இரண்டாவது டிவிஷனுக்குப் போய்விடலாம். அதற்கு முந்திய ஆட்டத்தில் எழுமலைப் பிள்ளை பஞ்சவர்ணத்துக்கு நாலாவது மஞ்சள் அட்டை. நடுவில் நின்று அணியையே தூக்கிச் சுமந்த பிள்ளை அது. எட்டாம் நம்பர். நீங்கள் வந்து முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினீர்கள். "இவ இல்லாம ஆடணும்" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அன்று பயிற்சியில் கோல்கீப்பர் பிள்ளைக்கு விரல் முறிந்து, அவளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள். மறுநாள் கட்டுப் போட்டதும் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினீர்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளப் செக்ரட்டரி என் வீட்டு வாசலில் கார் நிறுத்தினார். அவர் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தெருவே பார்த்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"அம்மா, எட்டாம் நம்பர் சட்டையக் குடுங்க."

"அது அண்ணன் முடிச்சுப் போட்டு வச்சது சார். குடுக்கக் கூடாது."

"அவருதாம்மா அனுப்புனாரு. அந்த மஞ்ச அட்டைய ரத்து பண்ணி லெட்டர் வந்துருச்சு. அவரு ஆஸ்பத்திரியில இருக்காருல்ல, அதான் நான் வந்தேன்."

உங்கள் போன் நம்பர் சுவரில் கரிக்கட்டையால் பெரிசாக எழுதியிருந்தது. நீங்கள் எழுதியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஒரு போன் போட்டிருக்கலாம். அப்போது அவர், "பேத்தி நல்லா ஆடுதாமே? வர்ற லீவுல ஜூனியர் கேம்புக்கு அனுப்பி வைங்க, நான் பாத்துக்குறேன்" என்றார்.

போன் போடவில்லை. ஆணியிலிருந்து எடுத்தேன். முடிச்சை அவிழ்த்தேன். இறுகியிருந்தது, பல்லால் இழுத்து அவிழ்த்தேன். கசங்கிக் கிடந்ததை இஸ்திரி வேறு போட்டுக் கொடுத்தேன். இதை நான் யாரிடமும் இப்படி முழுசாகச் சொன்னதில்லை, உங்களிடம்கூட.

நீங்கள் வந்தபோது ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. வேலிப் பக்கம் நான் நின்றிருந்தேன். கேட்டுக்குள் நுழைந்தீர்கள், மைதானத்தைப் பார்த்தீர்கள், எட்டாம் நம்பரைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் திட்டு இருந்திருந்தால் நான் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன். நேராகப் போய் செக்ரட்டரியிடம் நின்றீர்கள். "லெட்டர் எங்க?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "ஜெயிச்சுட்டா எவண்ணே கேக்கப் போறான்? உக்காருங்க, பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னதும் கேட்டது. லெட்டர் என்று ஒன்று இல்லை. பஞ்சவர்ணத்திடமும் தடை நீங்கிவிட்டது என்றே சொல்லி இறக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம். இரண்டு கோலும் அவள் அடித்தது. கூட்டம் உள்ளே புகுந்து பிள்ளைகளைத் தூக்கியது. நீங்கள் மட்டும் தண்ணீர்ப் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

எதிரணி அன்று சாயங்காலமே புகார் எழுதிக் கொடுத்துவிட்டது. ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஆட்டம் அவர்களுக்கு. மூன்று கோலுக்குச் சைபர் என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது டிவிஷன் போயிற்று. யார் பொறுப்பு என்று விளக்கம் கேட்டார்கள். அட்டைக் கணக்கை மேனேஜர் கவனிக்கத் தவறிவிட்டார் என்று செக்ரட்டரி ஒரு கடிதம் தயார் பண்ணினார். நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டீர்கள்.

போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து கத்தினேன். நினைவிருக்கிறதா?

"எதுக்குண்ணே போட்டீங்க? சட்டையக் குடுத்தவ நானு, வாங்கிட்டுப் போனவன் அவன். நடுவுல நீங்க யாரு?"

"கொரலக் கொற தாயி."

"கொறைக்க மாட்டேன்."

"தெரிஞ்சே எறக்குனோம்னு எழுதுனா கிளப்பையே ரெண்டு வருசம் தள்ளி வச்சிருவாங்க. பதினெட்டுப் புள்ளைக எங்க போகும்? பாதி புள்ளைகளுக்கு வீட்டுல மாப்பிள பாத்து வச்சிருக்கான். நான் மறந்துட்டேன்னு எழுதுனா ஒரு ஆளோட போச்சு. எனக்கு என்ன, நான் ஆடி முடிச்சவன்."

போகும்போது, "நீ குடுத்தன்னு எங்கயும் வாய் தெறக்காத. ஒன் பேத்தி ஆட வேண்டிய புள்ள" என்றீர்கள்.

அண்ணே, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்று உங்கள் பெயரைக் கொடுத்தீர்கள். அந்தப் பெயர் உங்களுக்கு மட்டுமா சொந்தம்? உங்கள் மகளைக் கேட்டீர்களா? கல்யாண வீட்டில், "உங்கப்பாதான அந்த டீமக் கவுத்தது" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டார்களே, அப்போது அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்னைக் கேட்டீர்களா? என் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தானே போனீர்கள். எல்லாருக்கும் நல்லது பண்ணினேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். செக்ரட்டரிக்குத்தான் பண்ணினீர்கள்.

எந்த மைதானத்துக்குள்ளும் காலை வைக்கக் கூடாது என்று உங்களுக்கு இரண்டு வருஷத் தடை. அதற்கும் அடங்கிப் போனீர்கள். ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, கருவேல மர நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பீர்கள். உள்ளே எழும் சத்தத்தை வைத்தே, "கார்னர் போச்சு", "ஆஃப் சைடு" என்று சொல்வீர்கள். நான் மோர் கொண்டுவந்து கொடுப்பேன். வாங்கிக் குடிப்பீர்கள். தடை முடிய நாலு மாதம் இருக்கும்போது நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தீர்கள். கிளப் பெயர் போட்ட மாலை ஒன்று வந்தது. கொண்டுவந்த ஆள் யார் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அதை எடுத்துத் தெருவில் வீச வேண்டும் என்று கை துடித்தது. வீசவில்லை. அன்றைக்கு நிவேதா ஜூனியர் கேம்பில் இருந்தாள்.

அதைத்தான் சொல்ல வருகிறேன். வாயை மூடியதற்கு நான் கூலி வாங்கிக்கொண்டேன்.

நிவேதாவின் சட்டையைத் துவைத்த நாளுக்கு முந்திய நாள், ஞாயிற்றுக்கிழமை, மேலூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் புது அணிக்குச் சட்டை கொடுக்கும் விழா. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. செக்ரட்டரி மைக்கைப் பிடித்து, "சில வருசத்துக்கு முன்னால ஒரு தனி மனிதரோட கவனக்குறைவால நாம ரெண்டாவது டிவிஷன இழந்தோம். இந்த நிர்வாகத்துல அந்த மாதிரி தவறு நடக்காது" என்றார். மண்டபமே கைதட்டியது. மேடையில் நிவேதாவும் தட்டினாள். என் கை மடியில் கிடந்தது. ஒரு நிமிஷம் கழித்து அதுவும் தட்டியது அண்ணே. பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்று தட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை, நிவேதா இட்லி சாப்பிடும்போது சொன்னேன். முடிச்சு, கார், இஸ்திரி, எல்லாம். அவள் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப எதுக்கு அப்பத்தா இத எங்கிட்டச் சொல்ற?"

"நாளைக்கு மைதானத்துக்கு வந்து எல்லார் முன்னாலயும் சொல்லப் போறேன்."

"இந்த சீசன் முடியட்டும். அப்பறம் சொல்லு. அவரு என்ன எந்திரிச்சா வரப் போறாரு?"

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அவள் சொன்னதில் புதுசாக ஒன்றும் இல்லை, அதுதான் காரணம். இந்த சீசன் முடியட்டும், கேம்ப் முடியட்டும், செலக்ஷன் முடியட்டும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்த பேச்சு. அவள் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

புதன்கிழமை ஏழு மணிக்குப் போனேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். செக்ரட்டரி நின்றிருந்தார்.

"சார், ஞாயித்துக்கெழம மைக்குல பேசுனீங்கள்ல, அதுல ஒரு தப்பு இருக்கு" என்றேன். "அன்னைக்கி எட்டாம் நம்பர் சட்டையக் குடுத்தது நான். என் வீட்டு வாசல்ல வந்து கேட்டது நீங்க."

அவர் சிரித்தார். "அம்மாவுக்கு வயசாச்சு. ஞாபகம் கொழம்புது. ஏம்மா நிவேதா, பாட்டிய வீட்டுல விட்டுட்டு வா."

"ஞாபகமா? நீங்க வந்தது வெள்ளக் காரு. செருப்பக் கழத்தாம வாசப்படி ஏறுனீங்க. நான் இஸ்திரி போடும்போது, 'சீக்கிரம்மா, டீம் லிஸ்ட் குடுக்கணும்'னீங்க. அவரு அனுப்புனாருன்னு சொன்னீங்க. அவரு அனுப்பல. லெட்டர் வந்துச்சுன்னீங்க. வரல. இன்னும் வேணுமா?"

நிவேதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து என் பக்கம் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளும் வரவில்லை. நான் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்க முழங்காலுக்குத் தேய்க்கிற எண்ணெ அவரு காய்ச்சிக் காட்டுனது. யாரோ பழைய மேனேஜர்னு இனிமே சொல்லாதீங்க. அவரு பேரு தெரியலன்னா எங்கிட்ட வந்து கேளுங்க." சொல்லிவிட்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை வெளியூர் ஆட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். பதினெட்டுப் பேரில் நிவேதா இல்லை. மேலே நான் பெருமையாக எழுதினேனே, பதினேழாம் நம்பர் என்று, அந்தச் சட்டை இப்போது வீட்டில்தான் இருக்கிறது. எனக்கு எதிர்பார்த்ததுதான். அவளுக்கு இல்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் எடுத்துக்கொண்டு போய் அறையில் சாப்பிட்டாள். அவள் அப்பன், "ஒனக்கு இது தேவையாம்மா?" என்று போனில் கேட்டான். தேவை என்று சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பீர்கள். அதனால்தான் நீங்கள் செத்தது நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைக்க வைத்ததற்கும் உங்கள்மேல்தான் கோபம்.

நேற்றுக் காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிவேதா வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு கீரைக்கட்டை எடுத்துப் பிரித்தாள்.

"அப்பத்தா, அவரு படம் இருக்கா ஒங்கிட்ட?"

"எதுக்கு?"

"தங்குற வீட்டு ஹால்ல மாட்டணும்னு அக்காமாரு நாலு பேரு சொல்றாங்க. செக்ரட்டரி கூடாதுங்குறாரு. அவரு ஊர்ல இல்லாத நாளாப் பாத்து மாட்டிருவோம். கழத்துனா திருப்பி மாட்டுவோம்." ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "பஞ்சவர்ணம் அக்கா இப்ப போலீஸ்ல இருக்குல்ல, அதுவும் வருதாம். அது இத்தன நாளா, தன்னாலதான் தோத்தோம்னு நெனச்சுக்கிட்டு இருந்துச்சாம்" என்றாள்.

பாருங்கள் அண்ணே. பதினெட்டுப் பேரைக் காப்பாற்றினேன் என்றீர்களே.

என்னிடம் உங்கள் படம் இல்லை. அணியை நிறுத்திப் படம் எடுத்தபோதெல்லாம் நீங்கள்தான் பைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றீர்கள். ஆகவே இந்த மடலை உங்கள் மகள் முகவரிக்குப் போடுகிறேன். உங்களுக்கு எங்கே போடுவது.

அம்மா, உன் அப்பாவுக்கு எழுதியதை நீயும் படி. கல்யாண வீட்டில் இனி யாராவது கேட்டால் என் பெயரைச் சொல். அப்புறம், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டிருந்த படம் எனக்கு வேண்டாம். வாயை இறுக்க மூடிக்கொண்டு, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட முகமாகவே இருக்கிறது. அவர் யாரையாவது திட்டுகிற மாதிரி, வாய் திறந்திருக்கிற படம் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கும். தேடிப் பார். அதைப் பெரிசாகப் புதுப் பிரிண்ட் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடங்காமல் தபாலில் அனுப்பு. கிளப் முகவரிக்கு வேண்டாம். என் முகவரிக்கு.